நாலு கட்டில் அறை

1978 ஏப்ரல் மாதம். கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத்தில் ஒரு கடற்படை மருத்துவமனை. குடியிலும் மாத்திரையிலும் சிக்கிய கடற்படையினரை மீட்டெடுக்க அங்கே தனிப் பிரிவு ஒன்று இருந்தது. அன்றைக்கு அங்கே சேர வந்தவர் படைவீரர் இல்லை. அப்போதுதான் அறுபது வயது நிறைந்த ஒரு பெண்மணி. பதினைந்து மாதத்துக்கு முன்புவரை வெள்ளை மாளிகையில் வாழ்ந்தவர், அமெரிக்காவின் 38-ஆவது அதிபர் ஜெரால்டு ஃபோர்டின் மனைவி. அவருக்கு ஒதுக்கிய அறையைத் திறந்து காட்டினார்கள். உள்ளே நாலு கட்டில்கள்.

பெட்டி ஃபோர்ட் வாசலிலேயே நின்றுவிட்டார். தனி அறை இருக்கும் என்று நம்பித்தான் அவர் வந்திருந்தார். இப்படியென்றால் சேரமாட்டேன் என்றார். பிரிவின் தலைவர் கேப்டன் ஜோசப் பர்ஷ், மனநல மருத்துவர். அவர் வாதாடவில்லை. அப்படியானால் இங்கே இருக்கிற பெண்களையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன், அறை முழுக்க உங்களுக்கே என்றார். தன் பொருட்டு நோயாளிகள் துணிமணியைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவதா? அதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போதைப் பழக்கத்திலிருந்து மீள்வது என்றாலே அமெரிக்காவில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் பெயர் ‘பெட்டி ஃபோர்ட் சென்டர்’. கலிபோர்னியாவின் பாலைவன ஊரான ராஞ்சோ மிராஜில் இருக்கிறது. முதல் நோயாளிகள் அங்கே வந்த நாள் 1982 அக்டோபர் 4. ஆவணப்படி அதுதான் அதன் பிறந்த நாள். என்னைக் கேட்டால், நாலரை ஆண்டுக்கு முன்னால், அந்த நாலு கட்டில் அறையின் வாசலில் ஒரு பெண் தன் மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே கால் வைத்தபோதே அது பிறந்துவிட்டது.

ஏனென்றால் அதுவரை அவரை நோயோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தது அந்த மரியாதைதான்.

எலிசபெத் ஆன் புளூமர் என்ற பெட்டி 1918 ஏப்ரல் 8 அன்று சிகாகோவில் பிறந்தார். வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸில். அப்பா ஊர் ஊராகப் போகும் விற்பனையாளர். பெட்டிக்குப் பதினாறு வயது இருக்கும்போது, வீட்டு கராஜில் காரின் புகையால் மூச்சடைத்து அப்பா இறந்தார். அவர் குடிநோயாளி என்பது மகளுக்குத் தெரியவந்ததே அந்தச் சாவுக்குப் பிறகுதான். அத்தனை காலமும் அம்மா அதை வீட்டுக்குள் வைத்துக் காத்திருக்கிறார். குடும்ப மானம் என்றால் என்ன, அதை எப்படிக் கட்டிக் காப்பது என்ற பாடத்தை அந்தப் பெண் எவ்வளவு சின்ன வயதில் கற்றுக்கொண்டார் பாருங்கள்.

நடனம்தான் அவர் உயிர். நவீன நடனத்தின் பேராசான் மார்த்தா கிரஹாமிடம் நியூயார்க்கில் பயின்று, அவர் குழுவோடு ஆடியவர். ஊர் திரும்பி, முதல் திருமணம் முறிந்து, 1948-இல் ஜெரால்டு ஃபோர்டை மணந்தார். அடுத்த மாதமே கணவர் நாடாளுமன்றத் தேர்தலில் வென்றார். வாஷிங்டன் வாழ்க்கை, நாலு குழந்தைகள். கணவர் 1965-இல் பிரதிநிதிகள் அவையில் தம் கட்சிக்குத் தலைவரானபின் வீட்டில் இருந்ததைவிடச் சுற்றுப்பயணத்தில் இருந்த நாட்களே அதிகம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், அடிபட்ட கால், காய்ச்சல், தேவாலயம், கட்சிப் பெண்கள் கூட்டம் எல்லாம் அவர் தலையில். அத்தனையையும் சிரித்த முகத்தோடு செய்தார்.

1964-இல் ஒருநாள், சமையலறை ஜன்னலைத் திறக்க எட்டித் தள்ளியபோது கழுத்தில் ஒரு நரம்பு அழுந்திவிட்டது. அன்று இரவு தாங்க முடியாத வலி. மருத்துவமனையில் படுக்க வேண்டியதாயிற்று. வலிக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். தொடக்கம் அவ்வளவுதான். திருட்டு இல்லை, கள்ளச் சந்தை இல்லை, தீய நட்பு இல்லை. படித்த மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு சீட்டு.

அடுத்த ஆண்டு ஒருநாள் அழுகை நிற்காமல் உடைந்துபோனார். மனநல மருத்துவரிடம் போனார். பதற்றம் தணிக்கவும் மாத்திரை வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான், 1963-இல், வாலியம் சந்தைக்கு வந்திருந்தது. அறுபதுகளின் முடிவிலிருந்து பல ஆண்டுகள் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதித் தரப்பட்ட மருந்து அது. வாங்கி விழுங்கியவர்களில் பெண்களே அதிகம். வீட்டு வேலையில் மூச்சு முட்டுகிறது என்று சொன்ன பெண்ணுக்கு நாட்டின் மருத்துவம் தந்த பதில் ஒரு மாத்திரை. பெட்டி ஃபோர்டுக்கும் அதுவே கிடைத்தது. பிறகு மூட்டுவாதம் வந்தது, அதற்கும் மாத்திரை. இரவில் தூங்க ஒன்று. இவற்றுக்கு மேலே, அந்த வட்டாரத்தில் எல்லோரும் செய்வதுபோல மாலையில் கொஞ்சம் வோட்கா.

அபின் வகை வலி மாத்திரைகளின் குணத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். அவை மூளையில் வலியின் செய்தியை மழுங்கடிக்கும், கூடவே ஓர் இதத்தையும் தரும். சில வாரத்தில் உடம்பு பழகிக்கொள்ளும். பழைய அளவு பழைய பலனைத் தராது. நிறுத்திப் பார்த்தால் உடல் நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும், வலி முன்னைவிடப் பெரிதாகத் தெரியும். மருந்து கேட்டு உடம்பு போடும் அந்தக் கூச்சலை, நோய் திரும்பிவிட்டது என்று நோயாளியும் நினைப்பார், மருத்துவரும் நினைப்பார். சீட்டில் அளவு கூடும். பதற்றம் தணிக்கும் மாத்திரைக்கும் இதே கதைதான். அதன்மேல் மது சேர்ந்தால் ஒன்றின் வீரியத்தை மற்றொன்று ஏற்றிவிடும். பேச்சு குழறும், நடை தள்ளாடும், சில சமயம் மூச்சே நின்றுபோகும்.

ஆனால் இதற்கெல்லாம் பெயர் மருந்து. நம் மொழியிலும் பாருங்கள். சாராயம் குடித்தவனைச் சொல்ல நம்மிடம் ஒரு வசைச்சொல் தயாராக இருக்கிறது. மாத்திரையில் கட்டுண்ட அம்மாவைச் சொல்ல ஒரு சொல்லும் இல்லை. ‘அவங்களுக்கு உடம்பு முடியலை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். சொல் இல்லாத நோயை யார் கண்டுபிடிப்பது?

துணை அதிபர் பதவி விலகினார், அந்த இடத்துக்கு ஃபோர்ட் வந்தார். அதிபர் நிக்சனும் விலகினார், 1974 ஆகஸ்ட் 9 அன்று ஃபோர்ட் அதிபரானார். ஏழு வாரத்தில் பெட்டி ஃபோர்டுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. செப்டம்பர் 28 அன்று அறுவைச் சிகிச்சையில் மார்பகத்தை அகற்றினார்கள். மார்பகம் என்ற சொல்லையே பொதுவில் உச்சரிக்கக் கூசிய காலம். அவர் மறைக்கவில்லை. நாட்டுக்கே சொல்லச் சொன்னார். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பரிசோதனைக்குப் போனார்கள். துணை அதிபர் பதவிக்கு அறிவிக்கப்பட்டிருந்த நெல்சன் ராக்ஃபெல்லரின் மனைவிக்கும் சில வாரத்திலேயே அதே நோய் தெரியவந்தது. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய துணிச்சல் அது.

இவ்வளவு துணிந்தவர் மாத்திரையைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? இந்தக் கேள்விதான் என்னைப் பல நாள் உறுத்தியது. எனக்குத் தோன்றும் பதில் இது: புற்றுநோய் தன்மேல் வந்து விழுந்தது. அதில் தன் குற்றம் ஏதும் இல்லை என்று அவருக்குத் தெரியும், உலகுக்கும் தெரியும். பழக்கத்தை உலகம் அப்படிப் பார்ப்பதில்லை. அது குணக்கேடு, மனவுறுதி இல்லாமை, வளர்ப்புப் பிழை. பதினாறு வயதில் அப்பாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கற்ற பாடம் நாக்கைக் கட்டிப்போட்டது. இன்னொரு காரணம் இதைவிட எளியது. அவருக்கே தெரியாது. மருத்துவர் தந்ததைத்தானே சாப்பிடுகிறேன் என்றுதான் அவர் உண்மையாகவே நம்பினார்.

1976 தேர்தலில் ஃபோர்ட் தோற்றார். பிரசாரத்தில் கணவருக்குத் தொண்டை கட்டிவிட்டதால் தோல்வியை ஒப்புக்கொள்ளும் அறிக்கையை நிருபர்களுக்கு முன் வாசித்தவர் பெட்டி. 1977 ஜனவரி 19, வெள்ளை மாளிகையில் கடைசி முழு நாள். அமைச்சரவைக் கூட்ட அறையின் நீள மேசைமேல் காலணியைக் கழற்றிவிட்டு ஏறி, நடனக்காரியாக நின்றார். புகைப்படம் இருக்கிறது. கைகளை விரித்து நிற்கும் அந்த உடலில் தடுமாற்றத்தின் நிழல்கூட இல்லை.

அதற்குப் பிறகு ராஞ்சோ மிராஜ். புது வீடு. பிள்ளைகள் வளர்ந்து பிரிந்துவிட்டார்கள். கணவர் சொற்பொழிவு, கூட்டம் என்று ஊர் ஊராகப் பறந்துகொண்டிருந்தார். பாலைவன வெயிலில் மாத்திரைக் குப்பிகளும் மதுவும் பெட்டியும் மட்டும். அந்த ஆண்டு மாஸ்கோவுக்குப் போய், போல்ஷாய் குழுவினரின் ‘நட்கிராக்கர்’ பாலே நிகழ்ச்சியை அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக அறிமுகம் செய்து பேசினார். வாழ்நாளெல்லாம் நேசித்த கலையைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பு. திரையில் தெரிந்ததோ, கண் செருகி நாக்குத் தடுமாறும் ஒரு பெண். பத்திரிகைகள் அதைச் சுட்டிக்காட்டின. குடும்பம் ஒளித்து வைத்ததை நாடு பார்த்துவிட்டது.

மகள் சூசனுக்கு அப்போது இருபது வயது. அம்மாவுக்கு அருகிலேயே வசித்தார், தினமும் பார்த்தார். ஜோ குரூஸ் என்ற மகப்பேறு மருத்துவரிடம் அழுதுகொண்டே சொன்னார். குரூஸ் தாமே குடியிலிருந்து மீண்டவர், அறிகுறிகளைத் தெரிந்தவர். இருவரும் ஒருநாள் நேரே போய்ப் பேசினார்கள். பெட்டி ஃபோர்ட் கொதித்துப்போனார். என் வீட்டுக்கு வந்து எனக்கே சொல்கிறீர்களா என்ற கோபம். வெளியே போகச் சொல்லிவிட்டார்.

அடிமைப்பட்டவர் எல்லாம் இழந்து அடிமட்டத்தைத் தொட்டால்தான் திருந்துவார், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பது அன்றைய பொது நம்பிக்கை. மினசோட்டாவைச் சேர்ந்த வெர்னான் ஜான்சன் என்ற பாதிரியார் அதை மறுத்தார். அவரும் குடியிலிருந்து மீண்டவர். குடும்பத்தார் ஒன்றுகூடி, பழிக்காமல், திட்டாமல், தாங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் ஒவ்வொருவராகச் சொன்னால் நோயாளி முன்பே விழித்துக்கொள்ள வழி உண்டு என்றார். சூசனும் குரூஸும் அந்த வழியைப் பிடித்தார்கள்.

1978 ஏப்ரல் 1, சனிக்கிழமை காலை. சுற்றுப்பயணத்தில் இருந்த கணவர் திரும்பி வந்தார். மூத்த மகன் மைக்கும் மருமகள் கேலும் நாட்டின் மறுகோடியிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது பெட்டி மகிழ்ந்துபோனார். தம்மைப் பார்க்க ஆசையாக வந்திருக்கிறார்கள் என்றே நினைத்தார். பிறகு ஜாக், ஸ்டீவ், சூசன், மருத்துவர் பர்ஷ், ஒரு தாதி. எல்லோரும் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொருவரும் சொன்னார்கள். நண்பர்களை வீட்டுக்கு அழைத்துவரவே தயங்குவேன், முதலில் எட்டிப்பார்த்து நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கூப்பிடுவேன் என்றார் ஜாக். உங்களுக்காக நானே சமைத்து வைத்தேன், நீங்கள் சாப்பிட வரவே இல்லை என்றார் ஸ்டீவ். எங்களுக்குக் குழந்தை பிறக்கும்போது நல்ல உடம்போடு ஒரு பாட்டி வேண்டும் என்றார் மருமகள். சூசன் நடனத்தைச் சொன்னார். அம்மா ஆடி நடந்த அழகை ரசித்து வளர்ந்த மகள், இப்போது அம்மா தடுக்கி விழுவதைப் பார்ப்பதை. நடனக்காரியின் நெஞ்சில் இதைவிட ஆழமாக எது தைக்கும்?

அவர் அழுதார். கோபம் வந்தது, அவமானமாக இருந்தது. ஆனால் அத்தனை பேரும் அன்பினால்தான் வந்திருக்கிறார்கள் என்பது அந்த அழுகைக்குள்ளேயே அவருக்குப் புரிந்தது. பின்னாளில் அவரே அப்படித்தான் எழுதினார். சரி என்றார்.

அடுத்த ஒரு வாரம் வீட்டிலேயே, தாதியின் கண்காணிப்பில், மாத்திரைகளை நிறுத்தினார்கள். நடுக்கமும் தூக்கமில்லாத இரவுகளுமாக அறுபதாவது பிறந்த நாள் வந்து போனது. அதன்பிறகுதான் லாங் பீச், அந்த நாலு கட்டில்.

சேர்ந்த அன்று வெளியிட்ட அறிக்கையில் மாத்திரை மட்டுமே இருந்தது. மூட்டுவாதத்துக்கு எடுத்த மருந்து அளவு மீறிவிட்டது என்றார். மதுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. கவனியுங்கள்: மாத்திரை என்றால் மரியாதை கொஞ்சம் மிஞ்சும், குடி என்றால் மிஞ்சாது. ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ அமைப்பின் புத்தகத்தை பர்ஷ் கையில் கொடுத்தபோது, இது குடிகாரர்களுக்கானது, எனக்கு எதற்கு என்று கேட்டார். அந்தச் சொல் வரும் இடத்திலெல்லாம் ‘மருந்துக்கு அடிமையானவர்’ என்று போட்டு வாசியுங்கள் என்றார் பர்ஷ்.

சில நாள் கழித்து, கணவரையும் உடன் வைத்துக்கொண்டு பர்ஷ் நேரடியாகக் கேட்டார். மதுவுக்கும் அடிமை என்பதை ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். என்னால் முடியாது, என் கணவருக்குத் தலைகுனிவாகிவிடும் என்றார் பெட்டி. நீங்கள் அவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள், வேண்டுமானால் அவரையே கேளுங்கள் என்றார் மருத்துவர். ஜெரால்டு ஃபோர்ட், எனக்கு எந்தத் தலைகுனிவும் இல்லை, நீ சொல் என்றார். பெட்டி குலுங்கிக் குலுங்கி அழுதார். மறுபடி ஓர் அறிக்கை வெளியானது. இந்தமுறை மதுவும் அதில் இருந்தது. கடிதங்களும் பூக்களும் குவிந்தன. அவர் பயந்த ஏளனம் வரவில்லை. அவருடைய தன்வரலாறு அச்சுக்குத் தயாராக முடிந்திருந்த நேரம் அது. லாங் பீச் பற்றிப் புதிதாக ஓர் அத்தியாயம் எழுதிக் கடைசியில் சேர்த்தார்.

அந்த மருத்துவமனையில் அதிகாலையில் எழுந்து படுக்கையைத் தாமே சரிசெய்தார். இளம் மாலுமிகளோடு வட்டமாக உட்கார்ந்தார். ஒருநாள் குழுவில் ஒரு பெண், என் குடியால் யாருக்கும் தொல்லையில்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை பெட்டியுடையது. எழுந்து, என் பெயர் பெட்டி, என் குடி என் குடும்பத்தைப் புண்படுத்தியது எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டார். சொன்னது தானா என்று அவருக்கே நம்ப முடியவில்லை. அன்று அவர் பெயருக்குமுன் ‘அதிபரின் மனைவி’ இல்லை, பின்னாலும் இல்லை.

மீண்டு வந்தபின் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் பெட்டி. இன்னொருவர் அடுத்த வீட்டுக்காரர் லெனார்ட் ஃபயர்ஸ்டோன். டயர் தொழில் குடும்பம், பெல்ஜியத்துக்கான முன்னாள் அமெரிக்கத் தூதர், குடியிலிருந்து மீண்டவர். மருத்துவர் குரூஸும் சேர்ந்துகொண்டார். ராஞ்சோ மிராஜில் ஏற்கெனவே ஐசனாவர் மருத்துவ மையம் இருந்தது. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் தம்பதியர் தந்த நிலத்தில் எழுந்தது. அந்த வளாகத்திலேயே போதைநோய்க்கு என்று தனியிடம் அமைப்பது திட்டம். நன்கொடைக்காகக் கதவு கதவாகத் தட்டினார்கள். பெட்டி ஃபோர்டின் முகவரிப் புத்தகம் பெரியது. அதை இந்தப் பணிக்காகப் பயன்படுத்தினார்.

முறையை எங்கிருந்து எடுப்பது? மினசோட்டாவில் 1949-இல் ஒரு பண்ணைவீட்டில் தொடங்கிய ஹேசல்டன் என்ற இடம் அந்தத் துறையில் முன்னோடி. அங்கே தொடக்க காலத்தில் நோயாளிக்கு விதிகள் மிகக் குறைவு: ஒழுங்காக நடந்துகொள், வகுப்புக்கு வா, மற்றவர்களோடு பேசு, உன் படுக்கையை நீயே விரி. படுக்கை விரிப்பதில் என்ன மருத்துவம் என்று கேட்கலாம். வேலைக்காரர்கள் சூழ வாழ்ந்தவரை, எல்லாம் தமக்காக நடக்கும் என்று பழகியவரை, நாள் தொடங்கும்போதே தன் பங்கைச் செய்யவைக்கும் மருத்துவம் அது. மருத்துவரும் மனநல ஆலோசகரும் மீண்டவர்களும் ஒரே குழுவாக இருந்து, சுமார் நாலு வாரம் தங்கவைத்து, வாழ்க்கையையே திருப்பிக் கற்றுத்தரும் இந்த வழி ‘மினசோட்டா முறை’ என்று பெயர் பெற்றது. ராஞ்சோ மிராஜும் அதையே எடுத்துக்கொண்டது.

பெயர் வைக்கும்போது பெட்டி மறுத்தார். பணிவு காரணமில்லை, பயம். மீண்டவர் எவரும் நாளைக்கு விழமாட்டேன் என்று சத்தியம் செய்ய முடியாது. தான் விழுந்தால் அந்தக் கட்டடமும், அதை நம்பி வருபவர்களும் சேர்ந்து விழுவார்களே. மற்றவர்கள் வற்புறுத்தி ஒப்புக்கொள்ளவைத்தார்கள். அந்தப் பெயர்தான் பாதி சிகிச்சை என்று நான் நினைக்கிறேன். அந்த நாட்டில் மிக மதிக்கப்பட்ட ஒரு பெண்மணி தம் பெயரை இந்த நோயின் வாசலில் எழுதி மாட்டிவிட்டார். இனி உள்ளே வர எந்தத் தாய்க்கு வெட்கம்? 1982 அக்டோபர் 3 அன்று திறப்பு விழா. துணை அதிபர் ஜார்ஜ் புஷ் வந்திருந்தார். மறுநாள் நோயாளிகள் வந்தார்கள்.

இடங்களில் பாதி பெண்களுக்கு என்பதில் பெட்டி உறுதியாக நின்றார். அந்தக் காலத்துச் சிகிச்சை நிலையங்கள் ஆண்களை மனதில் வைத்தே நடந்தன. தெருவில் விழுந்து கிடப்பவன் கண்ணில் படுவான், வீட்டுக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டு மாத்திரை விழுங்குபவள் பட மாட்டாள். அவளுக்கு வேலை போகாது, காவல்துறை பிடிக்காது. பிள்ளைகள் மட்டும் மெல்லத் தள்ளிப்போவார்கள். தம் கதையை வைத்தே அவருக்கு இது தெரிந்திருந்தது. குடும்பத்துக்கும் தனிப் பயிற்சி வைத்தார்கள்.

1983 இறுதியில் எலிசபெத் டெய்லர் வந்து சேர்ந்தார். மதுவோடு வலி மாத்திரையும் தூக்க மாத்திரையும் அவரைப் பிடித்திருந்தன. உலகம் கொண்டாடிய அந்த நடிகையும் அறையைப் பகிர்ந்துகொண்டார், அன்றாட வேலையில் தம் பங்கைச் செய்தார். வந்ததை மறைக்கவும் இல்லை. 1988-இல் மறுபடி வந்தார், அதையும் மறைக்கவில்லை. வலி மாத்திரையில் சிக்கிய பாடகர் ஜானி கேஷும் 1983 இறுதியில் வந்தார். இத்தகைய பெயர்களால் அந்த இடம் பணக்காரர்களின் ஓய்வில்லம் என்று தோன்றலாம். செலவு கொஞ்சம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அங்கே வந்தவர்களில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், இல்லத்தரசிகள், விமானிகள் எல்லோரும் உண்டு. சாப்பாட்டு அறையில் பெட்டி ஃபோர்ட் வந்து உட்கார்ந்தால், என் பெயர் பெட்டி, நான் ஒரு குடிநோயாளி என்றுதான் தொடங்குவார்.

இருபது ஆண்டுக்கு மேல் தலைவராக இருந்து, 2005-இல் பொறுப்பை மகளிடம் கொடுத்தார். முதல்முறை வெளியே அனுப்பப்பட்ட அதே சூசனிடம். இடையில் எதிர்க்கட்சி அதிபரின் மனைவி ரோசலின் கார்ட்டரோடு சேர்ந்து, மனநோய்க்கும் போதைநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு வேண்டும் என்று வாஷிங்டனில் கதவு தட்டினார். தேர்தலில் அவர்கள் கணவர்கள் மோதியது அந்தப் பெண்களுக்குத் தடையாக இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். முற்றிலும் விலக்கு, கூடிப் பேசு, ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ சொல்லும் பன்னிரண்டு படி ஏறு என்ற முறை மதுவுக்குப் பலன் தந்த அளவு அபின் வகை மாத்திரைகளுக்குத் தரவில்லை. சிகிச்சை முடிந்து வீடு போனவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்திருக்கும். ஒருமுறை தடுமாறிப் பழைய அளவை விழுங்கினால் உயிரே போகும். அப்படி நோயாளிகளை இழந்த பின்னர் 2012-இல் ஹேசல்டன் தன் கொள்கையைத் திருத்தி, ஏக்கத்தை அடக்கும் புப்ரெனார்ஃபின் மருந்தையும் சிகிச்சையில் சேர்த்தது. 2014-இல் ஹேசல்டனும் பெட்டி ஃபோர்ட் சென்டரும் ஒரே அமைப்பாயின.

இந்தத் திருத்தம் தேவைப்பட்டதற்குக் காரணம் வெளியே நடந்த பேரழிவு. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரை வந்தது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லிச் சொல்லி மருத்துவர்களிடம் விற்றார்கள். அப்படித் தவறாகச் சொன்னதை 2007-இல் அதைத் தயாரித்த நிறுவனமே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்குள் ஊர் ஊராகச் சீட்டுகள் எழுதப்பட்டுவிட்டன. 2011 ஜூலை 8 அன்று, 93 வயதில், பெட்டி ஃபோர்ட் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வலி மாத்திரைச் சாவுகள் கொள்ளைநோய் அளவுக்குப் போய்விட்டதாக அறிவித்தது. 2008 ஒரே ஆண்டில் இறந்தவர்கள் 14,800 பேர். 1964-இல் ஒரு சமையலறை ஜன்னலருகே தொடங்கிய அதே கதை, அத்தனை வீடுகளில்.

உங்கள் வீட்டிலும் அலமாரியில் ஒரு மாத்திரை டப்பா இருக்கும். அம்மாவோ, பெரியப்பாவோ, ஊர் மதிக்கும் யாரோ ஒருவர் வலிக்கோ தூக்கத்துக்கோ ஆண்டுக்கணக்கில் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம். எப்போது தொடங்கினீர்கள், எப்போது நிறுத்தச் சொன்னார்கள் என்று கேளுங்கள். திடீரென்று நிறுத்தச் சொல்லாதீர்கள், அதில் ஆபத்து உண்டு. மருத்துவரிடம் அழைத்துப்போய் மெல்லக் குறைக்க வழி கேளுங்கள். கோபித்துக்கொண்டால், பேசாமல் இருந்தால், வெளியே போ என்றால் மனம் விட்டுவிடாதீர்கள். சூசனையும் அவர் அம்மா முதல்முறை வெளியேதான் அனுப்பினார். சில நாளில் சூசன் மறுபடி போனார்.